பழைய ஸ்போர்ட்ஸ் டூரிங் வண்டி: விலை ஒன்று, வரலாறு வேறு

விக்ரோலியின் டாகூர் நகரிலும் கண்ணம்வார் நகரிலும் பார்க்சைட் குன்றுச் சரிவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், மகன் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் கழிந்ததும் எழுகிற விவாதம் ஒன்று உண்டு. நீண்ட தொலைவு ஓட்டத்தக்க ஸ்போர்ட்ஸ் டூரிங் மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டும் என்பான் மகன். வேலைக்குப் போய்வர நூறு சிசி வண்டி போதாதா என்பார் தந்தை. எடுப்பதுதான் எடுக்கிறாய், பெரிய எஞ்சினாகப் பார்த்து எடு என்பார்கள் நண்பர்கள். இந்த மூன்று குரல்களில் முதலாவது நியாயமானது. இரண்டாவது அரை உண்மை. மூன்றாவதுதான் குடும்பத்தின் சேமிப்பைக் கரைப்பது. குறைந்த பணத்தில் பழைய வண்டி வாங்குபவர் எஞ்சினின் அளவைத் துரத்துவதை விட்டு, வண்டியின் வரலாற்றை விலைகொடுத்து வாங்கப் பழக வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

ஸ்போர்ட்ஸ் டூரிங் என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். பந்தய வண்டியின் உறுதியும் வளைவுகளில் சாய்ந்து திரும்பும் திறனும் ஒருபுறம். நாள் முழுதும் அமர்ந்தாலும் முதுகும் மணிக்கட்டும் வலிக்காத இருக்கை அமைப்பு மறுபுறம். இவ்விரண்டையும் இணைப்பதே இவ்வகை வண்டி. எதிர்க்காற்றை ஓட்டுநரின் நெஞ்சில் மோதவிடாமல் திருப்பிவிடும் ஃபேரிங் இதன் அடையாளம். 1976இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ், காற்றுச் சுரங்கச் சோதனையின் துணையோடு முழு ஃபேரிங் வடிவமைக்கப்பட்ட வண்டியாக இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. பின்னர் ஹோண்டா விஎஃப்ஆர், யமஹா எஃப்ஜேஆர்1300 போன்ற பெரிய எஞ்சின் வண்டிகள் மேலைநாட்டுச் சாலைகளில் இவ்வகையை நிலைநிறுத்தின.

இந்தியாவில் இதன் வரலாறு சிறிய எஞ்சின்களில் எழுதப்பட்டது. 2003இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா 223 சிசி எஞ்சின் கொண்டது. அரைகுறை ஃபேரிங்கோடு வந்த அந்த வண்டிதான், மோட்டார் சைக்கிளில் மாநிலம் தாண்டலாம் என்ற எண்ணத்தைச் சாதாரண மாதச் சம்பளக்காரரிடம் விதைத்தது. 2011இல் ஹோண்டா சிபிஆர்250ஆர் திரவக் குளிர்விப்போடும், விரும்புவோருக்கு ஏபிஎஸ் வசதியோடும் வந்தது. 2016 டிசம்பரில் பஜாஜ் டாமினார் 400 வெளியானது. அதன் தொடக்க விலை டெல்லி ஷோரூம் கணக்கில் 1.36 இலட்சம் ரூபாய்; ஏபிஎஸ் உள்ள வகைக்கு 1.50 இலட்சம். 2017 டிசம்பரில் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர்310 வந்தது. 2019இல் சுசுகி ஜிக்சர் எஸ்எஃப் 250 சேர்ந்தது. இன்று பழைய வண்டிச் சந்தையில் நிற்பவை பெரும்பாலும் இவையும் இவற்றின் உறவினரும்தான். ஆகவே விக்ரோலி இளைஞனின் ஆசைக்கு அயல்நாட்டு வண்டி தேவையில்லை. உள்நாட்டிலேயே இருபது ஆண்டு மரபு இருக்கிறது.

ஆசை நியாயமானது என்பதற்கும் காரணம் உண்டு. மும்பைத் தமிழரில் பெரும்பகுதியினருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலியும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களும். புணே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். பெங்களூரு வரை தேசிய நெடுஞ்சாலை 48, அதன்பின் 44. இன்று பெரும்பகுதி நாற்கரச் சாலை. கொடைவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ரயிலில் இடம் கிடைக்காமல் தவிக்கும் குடும்பத்துப் பிள்ளை, தன் பெற்றோர் மூட்டை முடிச்சுகளோடு கடந்த வழியைத் தன் கையால் ஓட்டிக் கடக்க விரும்புவதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. மாநிலங்களின் மண்நிறம் மாறுவதை அறிந்துகொண்டே ஊர் போய்ச் சேரும் அனுபவத்துக்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மும்பை–புணே விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கோபோலி வழியான பழைய மலைப்பாதையில்தான் ஏற வேண்டும். மும்பைக்குள்ளேயே பாந்திரா–வொர்லி கடற்பாலமும் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேதுவும் மோட்டார் சைக்கிளுக்கு மூடப்பட்டவை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையும் 2023 ஆகஸ்டு முதல் அப்படியே. நாற்கர நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். இந்த வேகத்தில் அதிர்வின்றி நாளெல்லாம் ஓட 250 சிசி எஞ்சின் போதும். இருவர் பயணம், சுமை, மலையேற்றம் ஆகியவற்றையும் சேர்த்தால் 300 முதல் 400 சிசி வரை பொருத்தம். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், சட்டம் அனுமதிக்காத, சாலை தாங்காத வேகத்துக்குக் கொடுக்கும் பணம்.

இவ்விடத்தில்தான் நண்பர்களின் அறிவுரை தவறிப்போகிறது. 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்று பத்து ஆண்டுப் பழமையோடு, புதிய 350 சிசி வண்டியின் விலைக்கே சில வேளைகளில் கிடைக்கும். விலை இறங்கிவிட்டது, செலவு இறங்கவில்லை என்பதை வாங்குபவர் மறந்துவிடுகிறார். அதன் டயர், பிரேக் பேட், செயின் ஸ்பிராக்கெட், கிளட்ச் பிளேட் எல்லாம் இன்றைய விலையில்தான் வாங்கப்பட வேண்டும். காப்பீட்டிலும் ஒரு கோடு இருக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 150 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு ஆண்டுக் கட்டணம் 1,366 ரூபாய். 350ஐத் தாண்டினால் 2,804 ரூபாய். இருமடங்குக்கும் மேல். 373 சிசி டாமினாரும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நிற்கிறது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசு தேடுவோரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. பராமரிக்கப் பணமில்லாமல் ஓட்டப்படும் பெரிய வண்டி, நன்கு பராமரிக்கப்படும் சிறிய வண்டியைவிட மெதுவானது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட.

ஆபத்து என்பது இங்கு வெறும் சொல் இல்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44க்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். பழைய வண்டியில் தேய்ந்த டயரும் காற்றுக் கலந்த பிரேக் எண்ணெயும் இருப்பது பணநட்டக் கணக்கோடு முடிகிற விஷயம் அல்ல.

சரி, நல்ல வண்டியை எப்படி இனங்காண்பது? 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று பொருளியலில் புகழ்பெற்றது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் பழுதை மறைத்து விற்கப்படும் வண்டிக்கு 'எலுமிச்சை' என்று பெயர். விற்பவருக்குத் தன் வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தரத் துணிவார். அந்தச் சராசரி விலைக்கு நல்ல வண்டியை விற்க யாரும் முன்வர மாட்டார்கள்; சொத்தை வண்டிகளே சந்தையில் மிஞ்சும். இந்தச் சிந்தனைக்காகவும் அதன் தொடர்ச்சிக்காகவும் 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோரோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாட்டுச் சந்தையைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்கடியில் விரல் பேசும் விலை அதற்குப் பிறகுதான். அறியாமையின் விலையைக் குறைக்க உழவர் கண்டுபிடித்த வழிகள் அவை. பழைய மோட்டார் சைக்கிளுக்கும் பல்லும் சுழியும் உண்டு. அவற்றைப் படிக்கும் கலை விக்ரோலிக்கு அந்நியமானதும் அன்று. கோத்ரெஜ் ஆலைகளை ஒட்டி வளர்ந்த பகுதி இது. லேத்திலும் பிரஸ்ஸிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் இங்கு ஏராளம். ஆலையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஹிஸ்டரி கார்டு என்றொரு பதிவேடு இருக்கும். எப்போது எண்ணெய் மாற்றப்பட்டது, எந்த பேரிங் எப்போது மாறியது, எத்தனை முறை நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவேடு இல்லாத இயந்திரத்தை எந்தப் பராமரிப்புத் தொழிலாளியும் நம்ப மாட்டார். நூறு சிசி போதாதா என்று தடுக்கும் தந்தையிடம்தான் மகனுக்கு வேண்டிய அறிவு இருக்கிறது. அவரோடு வாதாடுவதைவிட வண்டி பார்க்க அவரையும் அழைத்துப் போவது பயன் தரும். இயந்திரத்தின் ஓசையில் குறை கேட்கப் பழகிய காது, ஷோரூம் பளபளப்பில் மயங்காது.

பார்க்க வேண்டியவை பல, முதன்மையானவை சில. வண்டியை விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முன்கூட்டியே இயக்கிச் சூடேற்றி வைக்கப்பட்ட எஞ்சின் எதையோ மறைக்கிறது என்று ஐயுற இடமுண்டு. மீட்டர் காட்டும் கிலோமீட்டரைக் கால்மிதி ரப்பர், கைப்பிடி, பிரேக் பெடல், டிஸ்க்கின் விளிம்பில் எழுந்துள்ள மேடு ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். எட்டு ஆண்டு வண்டி 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால், கால்மிதி ரப்பர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சர்வீஸ் ரசீதுகளில் குறிக்கப்பட்ட கிலோமீட்டர் எண்கள் ஏறுமுகமாக இருக்கின்றனவா என்பது இன்னும் உறுதியான சான்று. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதான டயர் ரப்பர் இறுகி, மழைச்சாலையில் பிடி இழக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இருபுறமும் மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் கோன்செட் தேய்ந்துவிட்டது. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஃபேரிங்கின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட விரிசல், ஒருபக்கம் மட்டும் புதிதாக இருக்கும் கண்ணாடியும் இண்டிகேட்டரும் ஆகியவை வண்டி விழுந்த கதையைச் சொல்பவை.

மும்பைக்கென்று தனிப் பார்வையும் வேண்டும். கடற்காற்றின் உப்பு, நான்கு மாத மழை, வாகன நிறுத்தம் இல்லாத பழைய குடியிருப்புகளில் திறந்தவெளியில் நிற்கும் வாழ்க்கை ஆகிய மூன்றும் இரும்பைத் தின்பவை. பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து உட்புறத் துருவைப் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள சட்டகத்தின் பற்றவைப்பு இணைப்புகளையும் பார்க்க வேண்டும். 2005 ஜூலை 26இல் சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நகரம் இது. அதன்பின்னும் எல்பிஎஸ் சாலையின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் நிற்காத பருவம் அரிது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி மெருகேற்றி விற்பது எளிது. ஹெட்லைட் உள்ளே படிந்த மண்கோடு, வயர் இணைப்புகளில் பச்சை படிந்த செம்பு, பால் கலந்ததுபோல் வெளுத்த எஞ்சின் எண்ணெய் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

குறைவாக ஓடிய வண்டி என்ற விளம்பரச் சொல்லிலும் எச்சரிக்கை தேவை. வார இறுதிக்கென வாங்கப்பட்டு மாதக்கணக்கில் நின்ற வண்டியின் ரப்பர் சீல்கள் வறண்டிருக்கும். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படும் இன்றைய நிலையில் இது மேலும் சிக்கலாகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நின்ற டேங்கில் துரு விரைவாகப் பிடிக்கும். 2023க்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் இந்தக் கலவையை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. எனவே எரிபொருள் குழாய்களையும் சீல்களையும் மாற்றும் செலவை முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பது நல்லது. ஒழுங்காக ஓடி, ஒழுங்காகச் சர்வீஸ் ஆன 40,000 கிலோமீட்டர் வண்டி, ரசீது இல்லாத 12,000 கிலோமீட்டர் வண்டியைவிட நம்பத்தக்கது.

ஓட்டிப் பார்க்க விக்ரோலியைவிட நல்ல இடம் அமைவது கடினம். மாலை நெரிசலில் ஜோகேஸ்வரி–விக்ரோலி இணைப்புச் சாலையில் பவாய் வரை ஊர்ந்து சென்று வந்தால், ரேடியேட்டர் விசிறி உரிய நேரத்தில் சுழல்கிறதா, கிளட்ச் சூட்டில் நழுவுகிறதா என்பவை தெரிந்துவிடும். காலையில் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் தாணே நோக்கி ஓட்டினால், நிலையான வேகத்தில் ஹேண்டில் நடுங்குகிறதா, பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்பவை தெரியும். இவ்விரு சோதனைக்கும் இசையாத விற்பனையாளரிடம் விலை பேசுவதில் பொருளில்லை.

இயந்திரத்தின் வரலாற்றைப் போலவே காகிதத்தின் வரலாறும் முக்கியம். பெரும்பாலோர் ஏமாறுவது இங்குதான். அரசின் பரிவாகன் தளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் வண்டி எண்ணைக் கொடுத்தால், எத்தனையாவது உரிமையாளர், கடன் அடமானம் உள்ளதா, காப்பீடு எந்த நாள் வரை, பதிவு எந்த நாள் வரை என்பவற்றைப் பார்க்கலாம். கட்டப்படாத இ-சலான் அபராதங்களையும் தனியே சரிபார்க்க வேண்டும். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் உயர்பாதுகாப்பு எண்பலகை பொருத்தப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். வங்கிக் கடன் முடிந்த வண்டி என்று வாயால் சொன்னால் போதாது. அடமான நீக்கத்துக்கான படிவம் 35 கையொப்பத்தோடு வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30. விக்ரோலி வண்டிகள் பதிவாவது வடாலாவிலுள்ள கிழக்கு மும்பை ஆர்டிஓவில்; எம்எச் 03 என்ற தொடக்கம் அதன் அடையாளம். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். 2011இல் வாங்கப்பட்ட சிபிஆர்250ஆர் அந்த எல்லைக்கு வந்துவிட்டது. மலிவு விலையின் காரணம் சில வேளைகளில் அதுவாகவே இருக்கும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: வண்டி எத்தனை பேர் கைக்கு மாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர். எனவே பெயர் மாறாமல் விற்றவருக்கு வழக்கு. வாங்கியவருக்கு வேறு வகை இழப்பு: மூன்றாம் நபர் காப்பீடு தானே தொடர்ந்தாலும், தன் வண்டிக்கான சேதக் காப்பீடு தன் பெயருக்கு மாற்றப்படாத வரை அவர் கேட்கும் இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும். அது வண்டியோடு வராது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வீடு திரும்புவது, பத்திரம் பதியாமல் மனை வாங்குவதற்குச் சமம்.

ஊருக்கே வண்டியைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி நின்றால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். மும்பை ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டின் சாலை வரி, மகாராஷ்டிர வரியைத் திரும்பப் பெறும் விண்ணப்பம் என்று செலவும் அலைச்சலும் வரும். திருநெல்வேலியிலேயே ஓடப்போகும் வண்டியை மும்பை விலை மலிவென்று இங்கு வாங்குவது பெரும்பாலும் இலாபமாக முடிவதில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்தால் பணப் பங்கீடு தானே தெளிவாகும். கையில் 1,50,000 ரூபாய் இருக்கிறது என்று கொள்வோர், வண்டிக்கு 1,05,000 ரூபாய்க்கு மேல் பேசாதிருப்பது நலம். 25,000 ரூபாய் டயர், செயின், பிரேக், எண்ணெய்கள், சீல்கள் ஆகியவற்றுக்கு. 8,000 ரூபாய் காப்பீட்டுக்கும் பெயர் மாற்றத்துக்கும். 12,000 ரூபாய் நல்ல தலைக்கவசம், கையுறை, பாதுகாப்புச் சட்டைக்கு. கடைசி இனத்தை மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விடுவோர் முதல் பயணத்திலேயே தவறான இடத்தில் சிக்கனம் செய்கிறார்கள். விலை பேச ஓர் அளவுகோலும் கையில் உண்டு. காப்பீட்டுத் துறையின் தேய்மான அட்டவணை நான்கு முதல் ஐந்து ஆண்டு வயதுள்ள வண்டிக்குப் பாதி மதிப்பையே ஏற்கிறது. அதைவிட அதிகம் கேட்பவர் அதற்கான காரணத்தைச் சர்வீஸ் ரசீதாகக் காட்டட்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: இவ்வளவு ஐயத்தோடு பழையதை வாங்குவதைவிடக் கடனில் புதியது வாங்கினால் என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. 250 சிசி வகையில் புதியதற்கும் பழையதற்குமான இடைவெளி சுருங்கியிருப்பது உண்மை. பழைய வண்டிக் கடனின் வட்டி புதியதன் வட்டியைவிடப் பொதுவாக அதிகம் என்பதும் உண்மை. ஆகவே கடன் வாங்கித்தான் பழைய வண்டி எடுக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்குப் புதிய 250 சிசி வண்டியே அறிவுடைய தேர்வு. பழைய வண்டி கையில் உள்ள சேமிப்பால் வாங்குபவருக்கே பொருந்தும். வாடகை வீட்டில், ஒரே சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஐந்தாண்டுத் தவணையின் சுமையின்றி ஒரு நல்ல இயந்திரத்தை உடைமையாக்கும் வழி அது. அந்த வழி அடைபடாமல் இருக்க வேண்டுமென்றால் சேமிப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது.

தனிமனிதரின் எச்சரிக்கையோடு இந்தப் பிரச்சினை முடிந்துவிடுவதும் இல்லை. பழைய வண்டி வணிகரைப் பதிவு செய்யவும், அவர் கைக்கு வந்த வண்டிக்கு அவரையே பொறுப்பாக்கவும் 2023 ஏப்ரல் முதல் விதிகள் நடைமுறையில் உள்ளன. அவ்வாறு பதிவு பெற்ற வணிகரா என்று கேட்கும் பழக்கம் வாங்குவோரிடம் இன்னும் வளரவில்லை. உரிமையாளர் எண்ணிக்கையும் அடமானமும் இன்று பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்திடம் விபத்து இழப்பீடு பெற்ற வரலாறும், சர்வீஸ் மையங்களில் பதிவான கிலோமீட்டரும் அதேபோல் ஓரிடத்தில் கிடைக்கச் செய்வது தொழில்நுட்பத்தால் இயலாத செயல் அல்ல. பணம் உள்ளவர் சொத்தை வண்டியில் சிக்கினால் அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவார். ஒருமுறை மட்டுமே வாங்க வசதியுள்ளவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தகவல் இல்லாமையின் முழு விலையையும் செலுத்துபவர் அவரே.

எனவே விக்ரோலி இளைஞனிடம் ஊருக்குப் போக மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்பதைக் குடும்பங்கள் நிறுத்தலாம். அதற்குப் பதில் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இந்த வண்டியின் ஹிஸ்டரி கார்டு எங்கே? பெயர் மாற்றம் எந்தத் தேதியில்? வாங்கிய பிறகு டயருக்குப் பணம் எவ்வளவு மிச்சம்? மூன்றுக்கும் பதில் இருந்தால், அந்த வண்டி 250 சிசியாக இருந்தாலும் திருநெல்வேலிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வரும். பதில் இல்லையென்றால் அது எத்தனை சிசியாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை தந்தைக்கு உண்டு.